சுங்கம் தவிர்த்த மென்பொருள்

(வடசென்னை டோல்கேட்டில் மாணவரும் தொழிலாளரும் கூடிய அவையில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்துவடிவம்)



இவ்வூரின் பெயரிலிருந்தே இவ்வுரையைத் தொடங்கலாம். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் உள்ள இவ்விடத்தை மக்கள் ‘டோல்கேட்’ என்று வழங்குகின்றனர். டகரம் தமிழ்ச்சொல்லுக்கு முதலெழுத்தாக வாராது என்பதை இங்குள்ள பள்ளிச் சிறுவனும் அறிவான். சொல் அயற்சொல்லே ஆயினும், அது குறிக்கும் பொருள் தமிழர்க்குப் பழையது. வழிச்செல்வாரை நிறுத்திப் பொருள் தண்டும் சாவடி அது. அங்ஙனம் தண்டும் பொருளை வள்ளுவர் உல்கு என்றார். பின்னையோர் ஆயம் என்றும் சுங்கம் என்றும் வழங்கினர். காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் வந்திறங்கும் பண்டங்களுக்கும் ஏற்றப்படும் பண்டங்களுக்கும் உல்கு கொண்டு புலிப்பொறி இட்ட செய்தியைப் பட்டினப்பாலை கூறும். 1070இல் சோழ அரியணை ஏறிய முதற் குலோத்துங்கனோ அவ்வாயத்தை நீக்கிச் ‘சுங்கந் தவிர்த்த சோழன்’ என்று புகழ்பெற்றான். ஒரு மன்னன் போர்வென்று பெற்ற பட்டங்கள் பல. மக்கள் வழியில் நின்ற தடையை நீக்கிப் பெற்ற பட்டம் இஃதொன்றே.

இன்று இவ்விடத்தில் குறுக்குமரம் இல்லை. 2021இல் மெட்ரோ தொடர்வண்டியும் இங்கு வந்து நிற்கத் தொடங்கிவிட்டது. சாவடி போயிற்று, பெயர் மட்டும் எஞ்சியது. ஆயின், கண்ணுக்குப் புலப்படாத சாவடி ஒன்று இன்றும் இவ்வூர் மக்களை வழிமறித்து நிற்கின்றது. அது சாலையில் இல்லை. கணினித் திரையில் உளது.

சரக்குப்பெட்டகம் ஏற்றிய வண்டிகள் வரிசையாய் நிற்கும் இப்பகுதியில், பள்ளியிறுதி முடித்த இளைஞன் ஒருவன் சரக்ககம் ஒன்றில் எழுத்தர் வேலைக்குச் செல்கின்றான் என்று கொள்வோம். அவனிடம் முதலிற் கேட்கும் கேள்வி, “கணினி தெரியுமா?” என்பதே. அக்கேள்வியின் பொருள் யாது? மடல் எழுதத் தெரியுமா, கணக்குப் பட்டி போடத் தெரியுமா, அவற்றை ஒழுங்குற அச்சிட்டுத் தரத் தெரியுமா என்பதுதான். இம்மூன்றையும் கற்கப் புறப்படும் ஏழை வீட்டுப் பிள்ளை மூன்று உல்கு செலுத்த வேண்டியுள்ளது.

முதல் உல்கு பொருள். பயிலகத்திற்கு ஒரு கட்டணம்; மென்பொருள் உரிமத்திற்கு ஒரு கட்டணம். ஆண்டுதோறும் பணங்கட்டும் முறையில் வாங்கிய மென்பொருளாயின், கட்டணம் நின்றவுடன் தான் எழுதிய மடலைத் தானே திறந்து பார்க்கலாம், திருத்த இயலாது. பணம் இல்லாதவன் என் செய்கின்றான்? கடையில் கள்ளப்படி ஏற்றிக்கொள்கின்றான். திருக்குறளில் கள்ளாமை கற்பிக்கும் ஆசிரியரின் கணினியிலும், தமிழ்த்தொண்டு புரியும் மன்றத்தின் கணினியிலும் கள்ளப்படியே இருக்குமாயின், அவ்வறத்தை யாருக்கு உரைப்பது?

இரண்டாம் உல்கு மொழி. திரையில் தோன்றும் ஒவ்வொரு கட்டளையும் ஆங்கிலம். கற்பிக்கும் கைந்நூலும் ஆங்கிலம். தமிழில் மடல் எழுதுதற்கும் ஆங்கில வாயிலின் வழியே நுழைய வேண்டியுள்ளது.

மூன்றாம் உல்கு பூட்டு. முன்னாளில் தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் தனித்தனிக் குறிமுறை கொண்டிருந்தன. பாமினியில் அடித்த கட்டுரையை அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலே தோன்றும். எத்துணையோ மலர்களும் நூற்படிகளும் இவ்வாறு பூட்டிய பெட்டியினுள் கிடக்கின்றன. ஓலையைச் செல்லரித்தது அன்று. எழுத்துருவின் பூட்டு அரிப்பது இன்று.

இம்மூன்று உல்கையும் தவிர்த்த மென்பொருள் ஒன்று உண்டு. அதன் பெயர் ‘இலிப்ரே ஆபீசு’. மடல் எழுதுதற்கு ‘ரைட்டர்’, கணக்கிடும் விரிதாளுக்குக் ‘கால்க்’, அவையில் காட்டும் படவில்லைக்கு ‘இம்ப்ரெசு’, வரைதற்கு ‘டிரா’, தரவு தொகுத்தற்குப் ‘பேசு’, கணித வாய்பாடு எழுதுதற்கு ‘மேத்து’ என்று ஆறு கருவிகள் அதனுள் அடங்கியுள்ளன. விலை இல்லை, படியெடுத்து அண்டை வீட்டார்க்கு அளிப்பதும் களவன்று, உரிமம் தந்த உரிமையேயாம்.

இதன் வரலாறும் அறியத்தக்கது. செருமனியில் 1980களில் தோன்றிய ‘இசுடார் டிவிசன்’ என்னும் சிறு நிறுவனத்தின் படைப்பு இது. 1999இல் அமெரிக்காவின் ‘சன்’ நிறுவனம் அதனை வாங்கி, 2000ஆம் ஆண்டு அக்குதோபர் 13இல் அதன் நிரலை உலகோர்க்குத் திறந்துவிட்டது. 2010இல் ‘ஆரக்கிள்’ என்னும் பெருநிறுவனத்தின் கைக்கு அது மாறியபோது, அதன் வளர்ச்சியில் ஈடுபட்டிருந்த தொண்டர்கள் அவ்வாண்டு செப்தம்பர் 28இல் தனியே அமைப்பொன்று கண்டு, அதே நிரலைக் கொண்டு இலிப்ரே ஆபீசை வளர்க்கத் தொடங்கினர். உரிமையாளர் மாறியும் உடைமை மக்களிடமே நின்றது. பூட்டிய நிரலாயின் இது நிகழ்ந்திருக்குமா?

இங்குச் சொல்லாய்வு ஒன்றும் கூறத்தகும். 1983இல் ரிச்சர்டு இசுடால்மன் கட்டற்ற மென்பொருள் முயற்சியை அறிவித்தார். பின்னர், பயன்படுத்தல், ஆய்ந்து திருத்தல், படி வழங்கல், திருத்திய படியையும் வழங்கல் என்னும் நான்கு உரிமைகளே அதன் உயிராயின. ஆங்கிலத்தில் ‘பிரீ’ என்னும் ஒரே சொல் விலையின்மையையும் விடுதலையையும் குறிப்பதால் அவர்கள் ஓயாது விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. விடுதலைப்பொருள் தரும் ‘இலிப்ரே’ என்னும் சொல்லைப் பிறமொழியிலிருந்து கடன்வாங்கவும் நேர்ந்தது. தமிழுக்கு அவ்விடர்ப்பாடு இல்லை. விலையில்லாதது வேறு, கட்டற்றது வேறு என்று தமிழ் தெளிவாகப் பிரித்துச் சொல்லும். கருத்துக்கேற்ற சொல் இம்மொழியில் அணியமாய் இருக்கின்றது. கருத்தைக் கைக்கொள்ளும் மக்கள்தாம் வேண்டும்.

இனி, இதனைக் கற்பது யாங்ஙனம்? பயிலகத்திற்குச் செல்ல வேண்டுவதில்லை. இம்மென்பொருளுக்குத் தொண்டர்களே எழுதிய வழிகாட்டி நூல்கள் உள்ளன. அவையும் விலையின்றிக் கிடைப்பன, படியெடுத்தற்கு உரியன. தமிழில் கற்பார்க்குக் ‘கணியம்’ மின்னிதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றிய கட்டுரைகளை வெளியிட்டு வருகின்றது. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ‘இசுபோக்கன் டுடோரியல்’ திட்டம் இலிப்ரே ஆபீசுப் பாடங்களைத் தமிழ்க்குரலிலும் தந்துள்ளது.

நூலைக் கொண்டு கற்கும் முறையை நன்னூலார் பாயிரத்திலேயே வகுத்துவிட்டார். ஆசிரியன் சொல்வதை நன்கு கேட்டாலும் கிட்டுவது காற்பங்கு. உடன்பயில்வாரோடு பழகுவதால் கிட்டுவது இன்னொரு காற்பங்கு. பிறர்க்கு எடுத்துரைப்பதால் கிட்டுவதே எஞ்சிய அரைப்பங்கு. கணினிக்கும் இஃதே முறை.

முதற் காற்பங்கிற்கு வழிகாட்டி நூலே ஆசிரியன். அதனைக் கதைநூல் போலப் படுத்துக்கொண்டு படித்தல் பயன்தராது. இடப்பக்கம் நூல், வலப்பக்கம் கணினி என்று வைத்து, ஒரு பத்தி படித்தவுடன் அதைச் செய்துபார்த்தல் வேண்டும். முதலிற் செய்யத்தக்கது, கருவிகள் என்னும் பட்டியலுள் விருப்பங்களைத் திறந்து, இடைமுக மொழியைத் தமிழாக மாற்றுவது. நிறுவும்போதே தமிழ்மொழிப் பொதியைச் சேர்த்திருந்தால், மென்பொருளை மூடித் திறந்ததும் கோப்பு, கருவிகள், சாளரம், உதவி என்று தமிழே முன்வந்து நிற்கும். அடுத்தது விசைப்பலகை. 1999இல் சென்னை மாநாட்டை ஒட்டி உருவான தமிழ் 99 அமைப்பில் உயிரெழுத்துகள் இடக்கையின்கீழும் மெய்களுள் பெரும்பாலான வலக்கையின்கீழும் அமைந்துள்ளன. ககரத்தை அடுத்து இகரம் தட்டினால் ‘கி’ தோன்றும். உயிரும் மெய்யும் கூடி உயிர்மெய் ஆகும் இலக்கணமே விரலுக்கும் பாடமாகின்றது.

அதன்பின் கற்கத்தக்கது ‘பாணி’ என்னும் பகுதி. பலர் தலைப்பைத் தடித்த எழுத்தாக்கிப் பெரிதாக்குவதோடு அமைவர். எப் 11 விசையைத் தட்டினால் தோன்றும் பாணிகளுள் ‘தலைப்பு’ என்பதைத் தெரிந்து இட்டால், நூறு பக்க நூலுக்கும் பொருளடக்கம் தானே உருவாகும். ஒரு தலைப்பின் அளவை மாற்ற எண்ணினால், பாணியை ஒருமுறை மாற்ற, எல்லாத் தலைப்பும் மாறும். விரிதாளில் தொழிற்சங்க உறுப்பினர் பட்டியலை இட்டுக் கட்டணத்தைக் கூட்டலாம். அதே பட்டியலிலிருந்து முகவரிகளை எடுத்து ஐந்நூறு மடல்களை ஒருங்கே அச்சிடலாம். பெயர்களை அகர வரிசையில் அடுக்குங்கால் மொழியைத் தமிழ் எனக் குறிக்க மறவற்க. ஒருங்குறியின் எண் வரிசையில் னகரம் பகரத்திற்கு முன்னே நிற்கின்றது. தமிழ் நெடுங்கணக்கிலோ அது கடைசி எழுத்து. மொழியறிந்து அடுக்கும் கணினியே நெடுங்கணக்கின்படி அடுக்கும்.

எழுதியதை ஓ.டி.எப். என்னும் திறந்த வடிவில் காத்து வைத்தல் நன்று. பன்னாட்டுத் தர நிறுவனம் 2006இல் 26300 என்னும் எண்ணிட்டு ஏற்ற தரம் அது. அதன் அமைப்பு முழுதும் வெளிப்படையாக எழுதப்பட்டுள்ளமையால், இம்மென்பொருளே மறைந்தாலும் நாளை வேறொருவர் அக்கோப்பைத் திறக்க இயலும். ஒருங்குறியில் எழுதித் திறந்த வடிவில் வைத்த தமிழுக்குப் பூட்டு இல்லை.

குறைகளையும் மறைத்தல் கூடாது. பிற மென்பொருளில் செய்த கோப்பை இதில் திறந்தால், கட்டங்களும் பக்க அமைப்பும் சிலபோது இடம்பெயரும். தமிழ் மொழிபெயர்ப்பில் சில இடங்களில் ஆங்கிலம் எஞ்சியுள்ளது. சில சொற்கள் செவிக்கு ஒவ்வாதன. இங்குத்தான் நன்னூலார் கூறிய இரண்டாம் காற்பங்கும் அரைப்பங்கும் வருகின்றன. நால்வர் கூடி ஒரு கணினிமுன் அமர்ந்தால், ஒருவர்க்குத் தோன்றாதது மற்றவர்க்குத் தோன்றும். கற்பவர் ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேடு வைத்து, இக்கட்டளை இன்னது செய்யும் என்று தம் சொந்தத் தமிழில் எழுதி வரட்டும். மூன்று திங்களில் அக்குறிப்பேடே அடுத்த தெருப்பிள்ளைக்கு வழிகாட்டி நூலாகும். ஒவ்வாத சொல்லுக்குத் தக்க சொல் தோன்றினால், மொழிபெயர்ப்புக் குழுவுக்கு இணையவழியே அனுப்பலாம். வாயிலில் காவலர் இல்லை. புலவர் பலர் கலைச்சொல் பற்றி மேடையில் வாதிடுவர். அவருள் பத்துப்பேர் இப்பணிக்கு அமர்ந்தால் அக்குறை எத்துணை நாள் நிற்கும்?

ஏனெனில், தமிழர்க்கு வாய்ப்பு வாராமல் இல்லை. வந்த வாய்ப்பே நழுவியது. 2005 ஏப்பிரலில் நடுவணரசு சென்னையில் வெளியிட்ட விலையில்லாத் தமிழ் மென்பொருள் வட்டில், இதன் முன்னோடியான ஓப்பன் ஆபீசின் தமிழ்வடிவம் இருந்தது. 2011 செப்தம்பர் 15இல் தொடங்கிய தமிழக அரசின் மடிக்கணினித் திட்டத்தில், ‘பாசு’ என்னும் இலினக்சு இயங்குதளமும் உடன் ஏற்றித் தரப்பட்டது. அம்மடிக்கணினி பெற்றவர் இவ்வவையிலும் இருக்கக்கூடும். அவருள் எத்துணையர் அக்கதவைத் திறந்து பார்த்தனர்? திறக்கும் வழியை அவர்க்கு யார் சொல்லித் தந்தனர்? வட்டு வந்தது, கைந்நூல் வரவில்லை. கருவி வந்தது, கற்பிப்பார் வரவில்லை. அண்டையிலுள்ள கேரளமோ ஆசிரியர்க்குப் பயிற்சி தந்து, அரசுப்பள்ளிக் கணினிக் கல்வியைக் கட்டற்ற மென்பொருளின்மேலேயே கட்டியெழுப்பியது. செருமனியின் சிலெசுவிக்-ஓல்சுடைன் மாநில அரசு 2024இல் தன் முப்பதாயிரம் அளவிலான கணினிகளை இலிப்ரே ஆபீசுக்கு மாற்ற முடிவெடுத்தது. செல்வம் மிக்க நாடே பொருளையும் தன்னுரிமையையும் எண்ணி இவ்வழி நடக்கும்போது, கூலி வேலை பார்த்துப் பிள்ளையைப் படிக்கவைக்கும் வடசென்னை மக்கள் உல்கு செலுத்தி நிற்பதா?

தோழர்களே! நாளைக் காலையில் செய்யத்தக்கது பெரிதன்று. இப்பகுதி மன்றங்களிலும் படிப்பகங்களிலும் உள்ள கணினி ஒன்றிலேனும் கள்ளப்படியை நீக்கி இதனை ஏற்றுக. வழிகாட்டி நூலின் முதல் இயலை அச்சிட்டு அதன் அருகே வைக்க. மாலைதோறும் ஒரு மணிநேரம் இருவர் அமர்ந்து கற்க. கற்றவர் இருவர்க்குக் கற்பிக்க. பழந்தாள்களில் பூட்டுண்டு கிடக்கும் கட்டுரைகளை ஒருங்குறிக்கு மாற்றிக் காக்க.

குலோத்துங்கன் சுங்கம் தவிர்த்தான். அவ்வழியே நடந்து வணிகம் செய்தவர் மக்கள். இன்றும் சாவடி திறந்தே கிடக்கின்றது. ஆனால் நடப்பாரில்லாத வழியில் புல் முளைக்கும். பின்னர் வழியே மறையும். புல் முளைக்குமுன் நடப்போமாக.

வெல்க தமிழ்!