சயாம் தப்பித்ததா?



ஆசியாவின் நவீன வரலாற்றை எழுதத் தொடங்கும்போதே நாம் இரண்டு பட்டியல் போட்டுவிடுகிறோம்: ஐரோப்பியருக்கு அடிமைப்பட்டவை, தப்பித்தவை. இரண்டாவதில் சயாம், அதாவது இன்றைய தாய்லாந்து, தவறாமல் இடம்பெறும். மொங்குட், சூளாலங்கோர்ன் என்ற இரு மன்னர்களின் மதிநுட்பமே நாட்டைக் காத்தது என்பது பாடநூல் வரை இறங்கிவிட்ட முடிவு. இந்தப் பிரிப்பே நம்மை வழிதவறச் செய்கிறது என்பது என் வாதம். 1855இல் மொங்குட் ஆட்சியில் பிரிட்டனுடன் கையெழுத்தான பௌரிங் உடன்படிக்கையின்படி, இறக்குமதிப் பொருள்மேல் நூற்றுக்கு மூன்றுக்கு மேல் வரி விதிக்க முடியாது. பிரிட்டிஷ் குடிகள் சயாமில் குற்றம் புரிந்தால் விசாரிப்பவர் பிரிட்டிஷ் கான்சல். (அந்தக் குடிகளில் இந்தியரும் பர்மியரும் அடக்கம்.) பிற வல்லரசுகளும் இதே சலுகைகளைக் கேட்டுப் பெற்றன. அவை முழுவதும் நீங்க 1930களின் பிற்பகுதி ஆயிற்று. நிலமும் தப்பவில்லை. 1893இல் பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் பாங்காக் வரை வந்து மிரட்ட, மேக்கோங்கின் இடக்கரை போயிற்று; 1907இல் அங்கோர் இருந்த சியாம் ரீப்பும் பட்டம்பாங்கும்; 1909இல் பிரிட்டனிடம் கிளந்தான், திரங்கானு, பெர்லிஸ், நம் கல்வெட்டுகள் கடாரம் என்னும் கெடா.

ஓரங்களை விட்டுக்கொடுத்து நடுநிலத்தைக் காத்ததுதானே ராஜதந்திரம் என்பார்கள். பாதி உண்மை. சாவ் பிரயா பள்ளத்தாக்கைத் தொடுவதில்லை என்று 1896இல் லண்டனும் பாரிசும் தங்களுக்குள் பேசி முடித்தன. சயாம் அதில் கையெழுத்திட்ட தரப்பே அல்ல. சூளாலங்கோர்னுக்குரிய பெருமை வேறிடத்தில் இருக்கிறது. இளவயதிலேயே ஜாவாவையும் இந்தியாவையும் நேரில் பார்த்த அவர், 1892 முதல் நிர்வாகத்தை மாற்றியமைத்தார். இளவரசர் தம்ரோங்கின் உள்துறை, லாவோ, லான்னா, மலாய்ப் பகுதிகளுக்கு ஆணையர்களை அனுப்பி, உள்ளூர்த் தலைவர்களின் வரிவசூலைப் பறித்துக்கொண்டது. டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் தம் காலனிகளில் கையாண்ட முறைகளின் சாயல் அதில் தெளிவாகத் தெரிகிறது. அதன் விளைவையும் பார்க்கிறோம்: 1902ஐ ஒட்டி வடகிழக்கிலும் பிரேயிலும் கலகங்கள், தெற்கே பத்தானியின் அரசர் அப்துல் காதிர் பதவி பறிக்கப்பட்டுச் சிறைப்பட்டார்.

எல்லா நவீன அரசுகளும் அதிகாரத்தை மையத்தில் குவித்தவைதாம், அதைக் காலனியம் என்றால் அந்தச் சொல்லே நீர்த்துப்போகும் என்ற மறுப்பு நியாயமானது. பாங்காக் தன் மாகாண மக்களைப் பின்னர் குடிமக்களாகவே எண்ணியது. லண்டன் அப்படிச் செய்யவில்லை. ஆனால் 1909 எல்லைக்கோடு வெட்டிய இடத்தைப் பாருங்கள். கிளந்தானும் பத்தானியும் பாங்காக்கிற்குப் பொன்மலர், வெள்ளிமலர் மரங்களைத் திறையாக அனுப்பிவந்த மலாய் அரசுகள். கோட்டுக்குத் தெற்கே விழுந்த கிளந்தானை அடிமைப்பட்ட நிலமாகவும், வடக்கே நின்ற பத்தானியைச் சுதந்திர நிலமாகவும் நம் பட்டியல் எழுதுகிறது. அடிமைப்பட்ட கிளந்தானில், பிரிட்டிஷ் ஆலோசகரின் பிடிக்குள் என்றாலும், சுல்தான் அரியணையில் இருந்தார். சுதந்திரமான பத்தானியில் அரியணையே இல்லை.