கொடுத்த கணக்கும் பெறும் கணக்கும்

குடிமதிப்பு எடுப்போர் வீட்டு வாயிலில் நின்று வினவும்போது, தாம் அறிந்த அளவில் உண்மையான விடை கூறுவது ஒவ்வொருவரின் கடமை என்று 1948ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டம் விதிக்கிறது. தனி ஒருவர் கூறிய விவரங்களைப் பிறர் பார்வையிடலாகாது என்று காப்பு அளிப்பதும் அச்சட்டமே. தனித்தனி விடைகள் மறைவாக இருக்க வேண்டியவை; அவற்றைக் கூட்டிப் பெற்ற தொகைகளோ அனைவர்க்கும் உரியவை. கேட்டபோது கொடுத்த மக்கள், தாம் கேட்கும்போது அக்கணக்கை எளிதில் பெறுவதுதானே முறை? அதற்கு இன்று வாய்த்துள்ள கருவிகளைப் பற்றியும், அவை இன்னும் திருந்த வேண்டிய வகைகளைப் பற்றியும் சில சொல்ல விரும்புகிறேன்.

முன்னாளில் இக்கணக்குகள் தடித்த நூல்களாக அச்சாகிப் பெரிய நூலகங்களில் அடங்கிக் கிடந்தன. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் அட்டவணைகளை இன்று இணையதளத்தில் யாவரும் காணலாம். மத்தியப் புள்ளியியல் அமைச்சகம், பேராசிரியர் மகாலனோபிஸ் பிறந்த நாளாகிய புள்ளியியல் தினத்தன்று, 2024 ஜூன் 29இல், ‘இ-சாங்கியிகி’ என்னும் தளத்தைத் தொடங்கியது. விலைவாசிக் குறியீடு, தொழில் உற்பத்தி, நாட்டு வருமானம் முதலியவற்றில் வேண்டியதைத் தெரிந்தெடுத்து, வரைபடமாகப் பார்க்கவும் பதிவிறக்கிக்கொள்ளவும் அதில் வழியுண்டு. மறு ஆண்டு அதே நாளில் கைப்பேசிச் செயலி ஒன்றும் வெளியாயிற்று. இவை பாராட்டத்தக்க முன்னேற்றங்கள்.

ஆயினும், எண் கிடைப்பது வேறு. அதன் பொருள் விளங்குவது வேறு. நல்ல தேடுகருவி இரண்டையும் ஒருங்கே தர வேண்டும்.

முதலாவது, பெயர். நீலகிரி மாவட்டம் ஆங்கில அட்டவணையில் ‘தி நீல்கிரீஸ்’ என்று இருப்பதால், அகர வரிசையில் ‘டி’ என்னும் எழுத்தின்கீழ் போய் நிற்கும். தூத்துக்குடியை ஒருவர் அப்படியே எழுதுவார். மற்றொருவர் ‘டூட்டிகோரின்’ என்பார். எப்படிக் கேட்டாலும், தமிழில் கேட்டாலும், ஊர் ஒன்றுதான் என்பதைக் கருவி அறிந்திருத்தல் வேண்டும். எந்த அலுவலகம் எதைத் தொகுக்கிறது என்பதையும் குடிமகன் மனப்பாடம் செய்யத் தேவையில்லாதிருக்க வேண்டும்.

இரண்டாவது, எல்லை. 2011இல் தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள்; இன்று 38. தென்காசி மாவட்டம் 2019இல் திருநெல்வேலியினின்று பிரிந்தது. 2011ஆம் ஆண்டுக் கணக்கில் அதனை மாவட்டமாகத் தேடுவோர்க்கு அது அகப்படாது. தென்காசி, செங்கோட்டை, சங்கரன்கோவில், சிவகிரி முதலிய வட்டங்களின் தொகைகளைச் சேர்த்தே காண வேண்டும். அவ்வாறு சேர்ப்பதிலும் ஒரு விழிப்பு வேண்டும். 1,000 பேர் உள்ள ஊரில் நூற்றுக்கு 90 பேரும், 100 பேர் உள்ள ஊரில் நூற்றுக்கு 50 பேரும் எழுத்தறிந்தோர் எனின், இரண்டுக்கும் சராசரி 70 என்று மாணவர்கள் உடனே விடை கூறுவர். அது தவறு. 1,100 பேரில் 950 பேர் எழுத்தறிந்தோர். ஆகவே நூற்றுக்கு ஏறத்தாழ 86. இக்கூட்டலைக் கருவியே செய்து, எவ்வட்டங்களைச் சேர்த்தது என்பதையும் காட்டுமாயின், பிழைக்கு இடமிராது. பக்கங்களை வெறும் படங்களாகப் பதிப்பித்தால் இது இயலாது. எண்கள் கூட்டவும் வகுக்கவும் ஏற்ற அட்டவணைகளாகவே கிடைக்க வேண்டும்.

மூன்றாவது, வரையறை. 2011இல் தமிழ்நாட்டின் எழுத்தறிவு நூற்றுக்கு 80 என்கிறோம். இது 7 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களை மட்டும் கொண்ட விகிதம். கைக்குழந்தைகள் உட்பட அனைவரையும் சேர்த்து வகுத்தால் 72 அளவே வரும். இரண்டும் மெய்யே. வரையறையை விட்டு எண்ணை மட்டும் எடுத்துச் செல்வோர், ஒருவர் 80 என்றும் மற்றவர் 72 என்றும் மேடையில் வாதிடுவர். கேட்போர் புள்ளிவிவரமே பொய் என்று முடிவு கட்டுவர். ஆதலால் எண்ணின் அருகிலேயே அதன் வரையறையும் ஆண்டும் இருத்தல் இன்றியமையாதது.

இவையெல்லாம் அறிஞர்க்கு மட்டும் உரிய கவலைகள் அல்ல. தங்கள் கிராமத்துக்கு உயர்நிலைப் பள்ளி வேண்டுமென்று மனு எழுதுவோரை எண்ணிப் பாருங்கள். 2011ஆம் ஆண்டுக்குரிய மாவட்டக் குடிமதிப்புக் கையேட்டில், கிராமந்தோறும் என்னென்ன பள்ளிகள் உள்ளன என்ற குறிப்பு உண்டு. பள்ளி இல்லையாயின், அண்மையிலுள்ளது எத்தனை தொலைவில் என்பதை ஆங்கில எழுத்துகளால் குறித்திருப்பர். ‘ஏ’ என்றால் 5 கிலோமீட்டருக்குள்; ‘பி’ என்றால் 5 முதல் 10; ‘சி’ என்றால் 10க்கு மேல். பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடக்கும் பெண் குழந்தையின் துன்பம் முழுவதும் அந்த ஓரெழுத்துக்குள் அடங்கிக் கிடக்கிறது. அதன் பொருளை அறிந்தவர் மனுவில் அதனைச் சான்றாக எழுதுவார். அறியாதவர் வேண்டுகோளை மட்டும் எழுதுவார். வேண்டுகோளை ஒதுக்கலாம், அரசின் கணக்கையே காட்டும்போது அதற்கு விடை கூறியாக வேண்டும்.

2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு பெருந்தொற்றால் தள்ளிப்போயிற்று. நாட்டின் பெரும்பகுதிக்கு 2027 மார்ச் 1ஆம் நாளைக் குறிப்பு நாளாகக் கொண்டு அடுத்த கணக்கெடுப்பு அமையும் என்று 2025 ஜூனில் அரசு அறிவித்தது. புதிய எண்களை எடுப்பதில் காட்டும் அக்கறையை, அவற்றைக் குடிமக்கள் தேடிப் பெறும் வழியைச் செம்மை செய்வதிலும் காட்ட வேண்டும். நம் பங்கும் இதில் உண்டு. ஆசிரியர்கள் எட்டாம் வகுப்பு மாணவரை ஒரு மணி நேரம் கணினிமுன் அமர்த்தி, அவரவர் ஊரின் கணக்கைத் தேடச் செய்யலாம். எங்கே வழி தடுக்கிறதோ, அதைத் தளத்தை நடத்தும் அலுவலகத்துக்கு எழுதித் தெரிவிக்கலாம். மக்களிடமிருந்து பெற்ற கணக்கு மக்களுக்கே பயன்பட்டால்தான், அதனை எடுத்தவர் உழைப்பும் கொடுத்தவர் வாய்மையும் நிறைவு பெறும்.