சிறையில் எழுந்த நூல்



"கற்க ஆசை உண்டு, வசதியும் துணையுந்தான் இல்லை" என்று நம்மவர் சொல்லக் கேட்கின்றோம். இவ்விரண்டும் பறிக்கப்பட்ட இடத்திலிருந்து நூல் தந்த ஒருவரை இன்று நாம் நினைவு கூர்வோம்.

பால கங்காதர திலகர் 1897இல் இராசத்துரோகக் குற்றத்திற்காகச் சிறை புகுந்தார். அவரை விடுவிக்க விண்ணப்பித்தோருள் வடமொழிப் பேரறிஞர் மாக்ஸ் முல்லரும் ஒருவர்; தாம் பதிப்பித்த ரிக்வேதத்தையும் சிறைக்கே அனுப்பி வைத்தார். மறு ஆண்டில் திலகர் விடுதலையானார்.

1908 ஆடியில் மீண்டும் தண்டனை. இம்முறை ஆறு ஆண்டுகள். அதே மாதத்தில் திருநெல்வேலியில் வ. உ. சிதம்பரனாரும் தண்டனை பெற்றார். ஒருவர் செக்கிழுத்தார், மற்றவர் பர்மாவின் மாந்தளைக் கோட்டைச் சிறையில் தனித்திருந்தார்.

மரச் சட்டங்களாலான கொட்டடி. வெயிலும் புழுதிக் காற்றும் தடையின்றிப் புகும். நீரிழிவு நோயோ உடலை வாட்டியது. 1912இல் மனைவி சத்தியபாமா ஊரிலே காலமானார், முகங்காணவும் இயலவில்லை. எழுத மை கிடையாது, பென்சில் மட்டுமே. தனித்தாள்களும் கிடையா, பக்க எண்ணிட்டுக் கட்டிய ஏடுகளே கிடைத்தன. அவற்றில், 1910 இறுதியிலும் 1911 தொடக்கத்திலுமாகச் சில மாதங்களுக்குள் 'கீதா ரகசியம்' எழுதி முடிந்தது. கடமையைத் துறப்பதன்று, பற்றின்றி ஆற்றுவதே கீதையின் உட்பொருள் என்பது அந்நூலின் முடிபு.

1914இல் விடுதலை கிடைத்தது. கையெழுத்து ஏடுகள் உடனே கிடைக்கவில்லை. சோதனைக்கென அரசு அவற்றை வைத்துக்கொண்டது. அன்பர்கள் கலங்கினர், திலகர் கலங்கவில்லை. நூல் தம் நெஞ்சில் இருக்கிறது, மீண்டும் எழுதலாம் என்றிருந்தார். பின்னர் ஏடுகள் திரும்பின. 1915இல் நூல் வெளிவந்தது.

அன்பர்களே, ஏடுகளை இழப்பது என்னவென்று நம் கரையோரம் அறியும். 2004 மார்கழி 26இல் கல்முனையிலும் மருதமுனையிலும், விபுலானந்த அடிகள் பிறந்த காரைதீவிலும் கடல் உயிர்களைக் கொண்டது. வீடுகளையும், அவற்றிலிருந்த புத்தகங்களையும் கொண்டது. தமிழர் வீடு, முஸ்லிம் வீடு என்று அது பிரித்துப் பார்க்கவில்லை. எஞ்சியோரிடம் எஞ்சிய கல்வி நெஞ்சில் பதிந்ததே.

ஆகவே இளைஞர்களிடம் நாம் வேண்டுவது ஒன்றே. இவ்வாண்டில் ஒரு நூலையேனும் ஏடு பாராமல் எடுத்துரைக்குமளவு கற்றுக்கொள்ளுங்கள். மன்றக் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லுங்கள். கேட்கப் பெரியோர் காத்திருக்கின்றனர்.