பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம்

ஸ்ரீமுஷ்ணம் போன்ற சிற்றூரில் நூலகம் என்றதும் காலையில் நாளிதழ் புரட்டும் பெரியவர்களும், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களும்தான் நினைவுக்கு வருகிறார்கள். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கும் அங்கே வாராவாரம் ஏதாவது நடக்க வேண்டும் என்பது என் கட்சி. கையில் போன் இருக்கும்போது நூலகம் எதற்கு என்று கேட்கலாம். போன், பார்த்த மாதிரியையே திரும்பத் திரும்ப நீட்டுகிறது. அலமாரியிலோ, தேடாத புத்தகமும் பக்கத்திலேயே நிற்கிறது. பணத்துக்கு எங்கே போவது என்பது அடுத்த கேள்வி. 1948-லேயே பொது நூலகச் சட்டம் கண்ட மாநிலம் நம்முடையது. சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியாகச் சேர்கிறது. வீட்டு வரி கட்டுகிறவர் ஏற்கெனவே பங்குதாரர்தான், ரசீதைப் பார்த்தால் தெரியும்!

புத்தகத்தைப் பிள்ளைகளிடம் கொண்டுசேர்க்க முன்மாதிரியும் பக்கத்திலேயே உண்டு. கொள்ளிடத்துக்குத் தெற்கே சீர்காழியில் பிறந்தவர் நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன். 1931-இல் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டு வண்டியில் புத்தகம் போனது அவர் யோசனைப்படிதான். வாசகர் வரட்டும் என்று காத்திருக்கவில்லை, புத்தகம் புறப்பட்டது. இன்று வண்டி வேண்டாம். பள்ளிக்குப் போய் உறுப்பினர் அட்டை தரலாம், கோடை விடுமுறைக்குக் கூடுதலாக இரண்டு புத்தகம் கொடுத்தனுப்பலாம், சனிக்கிழமை ஒரு மணி நேரம் கதை வாசிக்கலாம். ஒற்றை நூலகர் எத்தனை வேலை பார்ப்பார் என்பது நியாயமான ஆட்சேபம்தான். அதற்குத்தான் நூலகத்துக்குக் கைகொடுக்கும் வாசகர் வட்டம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் முன்வந்தால் போதும். சத்தம் தொந்தரவென்றால், அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் பிள்ளைகளுக்கென்று பலகையில் எழுதிவிடலாம்.