வெண்கலக் காசு கூறும் வரலாறு

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

பழங்காசு சேர்த்தல் செல்வர்க்கே உரிய பொழுதுபோக்கு என்று பலர் எண்ணுகின்றனர். பொற்காசுகளுக்கு அது பொருந்தலாம். உரோமப் பேரரசின் வெண்கலக் காசுகள் என்று பொதுவாக அழைக்கப்பெறும் செப்பு, பித்தளைக் காசுகளோ அன்றாடச் சில்லறையாக எளியோர் கையில் புழங்கியவை. அகஸ்டஸ் வகுத்த முறைப்படி, ஒரு வெள்ளித் தெனாரியசுக்குப் பித்தளைச் செஸ்டர்டியஸ் 4; செப்பு ஆஸ் 16. மக்களுக்குத் தாம் அறிவிக்க விரும்பியதை ஆட்சியாளர் இக்காசுகளிலும் பொறித்தனர். ஒரே மக்களினத்தைப் பற்றிய மூன்று காசுகளை இங்கு எடுத்துக்கொள்வோம்.

கி.பி. 70இல் உரோமப் படை எருசலேம் ஆலயத்தை அழித்தது. மறு ஆண்டில் பேரரசர் வெஸ்பாசியன் வெளியிட்ட செஸ்டர்டியசில் ஒரு பேரீச்ச மரமும், அதனடியில் துயருற்று அமர்ந்திருக்கும் பெண்ணும் காணப்படுகின்றனர். “யூதேயா கைப்பற்றப்பட்டது” என்பது வாசகம். தோற்றவரின் கண்ணீரே வென்றவரின் விருதாயிற்று.

யூதர் தம் ஆலயத்திற்குச் செலுத்திவந்த காணிக்கைக்கு ஈடாக, ஆண்டுக்கு இரண்டு தெனாரியஸ் உரோமின் யூப்பிட்டர் கோயிலுக்கென வரியாக விதிக்கப்பட்டது. டொமிஷியன் ஆட்சியில் அது மிகக் கொடுமையாகத் தண்டப்பட்டது. தொண்ணூறு வயது முதியவர் ஒருவர், யூதர்தாமா என்றறிய, மக்கள் நிறைந்த மன்றத்தில் உடல் சோதிக்கப்பட்டதைத் தம் இளமையில் கண்டதாக வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதியுள்ளார்.

அடுத்த காசு, 96இல் ஆட்சிக்கு வந்த நெர்வா வெளியிட்டது. யூத வரியின் பெயரால் சுமத்தப்பட்ட பொய்ப்பழி நீக்கப்பட்டது என்று அது அறிவிக்கிறது. வரி நீங்கவில்லை, எனினும், அநீதி நிகழ்ந்ததை அரசே ஒப்புக்கொண்ட சான்று அது.

மூன்றாவது காசு யூதர்களே அடித்தது. 132 முதல் 135 வரை பார் கோக்பா தலைமையில் கிளர்ந்தெழுந்தோர், புழக்கத்திலிருந்த காசுகளை எடுத்து அவற்றின் மேலேயே தம் முத்திரையைப் பதித்தனர். “எருசலேமின் விடுதலைக்காக” என்று தம் பண்டை எழுத்தில் பொறித்தனர். சில காசுகளில் பழைய உருவத்தின் சுவடு இன்றும் தெரிகிறது. கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது, அவர்தம் சொல்லோ காசில் நிலைபெற்றது.

உரோமக் காசுகளைக் காண நாம் கடல் கடக்க வேண்டுவதில்லை. பிற்கால உரோமரின் சிறு செப்புக் காசுகள் கரூரிலும் மதுரையிலும் கிடைத்துள்ளன. அவற்றை ஆராய்ந்து இரா. கிருஷ்ணமூர்த்தி 1994இல் நூல் வெளியிட்டார்.

மாணவர்களே, பழங்காசு கிடைத்தால் பச்சைக் களிம்பைச் சுரண்டாதீர்கள். எழுத்தும் உடன் அழியும். கிடைத்த இடத்தையும் நாளையும் உடனே எழுதிவையுங்கள். இடம் தெரியாத காசு பாதி வரலாற்றை இழந்த காசு. புதையலாயின், 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்கு அறிவியுங்கள். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திற்குச் சென்று உரோமக் காசுகளை நேரில் காணுங்கள்.

காசின் விலையைக் கூற வணிகர் உளர். அதில் எவர் குரல் ஒலிக்கிறது, எவர் குரல் மறைக்கப்பட்டது என்று ஆராய்வதற்குக் கல்வி வேண்டும். அக்கல்வியை நம் பிள்ளைகள் குறைவறப் பெறுக என்று வாழ்த்தி அமைகிறேன்.