ஊர் நிருபருக்கு யார் சம்பளம் கொடுப்பது?



இந்தப் பட்டமளிப்பு அரங்கின் பின்வரிசைகளில் அமர்ந்திருக்கும் பெற்றோர் பலருக்குத் தேர்வு முடிவு மாலைப் பத்திரிகையில்தான் வந்தது. பேருந்து நிலையக் கடையில் கட்டு வந்து இறங்கியதும் கூட்டம் மொய்க்கும். பிரதி கிடைத்த ஒருவரைச் சுற்றிப் பத்துத் தலைகள். பொடி எழுத்தில் பத்தி பத்தியாகப் பதிவெண்கள். விரலை வைத்துக்கொண்டே கீழே இறங்குவார்கள். முன்னெண்ணும் பின்னெண்ணும் இருந்து தன் எண் மட்டும் இல்லையென்றால், அது அச்சுப் பிழை என்று வீட்டில் சாதித்தவர்களும் உண்டு. அவர்களுடைய பிள்ளைகளுக்கு முடிவு குறுஞ்செய்தியாக வந்தது. சாதிக்க வழியே இல்லை.

பத்திரிகையின் வேலைகள் இப்படித்தான் ஒவ்வொன்றாகக் கைமாறின. பொழுதுபோக்கு என்ற பெரிய வேலையும் அவற்றில் ஒன்று. அந்த வேலையைப் பத்திரிகை ஒருகாலத்தில் எப்படிச் செய்தது என்று பாருங்கள்.

1942இல் மதுரையில் சி.பா. ஆதித்தனார் ‘தினத்தந்தி’யைத் தொடங்கினார். 1951 கணக்கெடுப்பில்கூட இங்கே எழுதப் படிக்கத் தெரிந்தவர் ஐந்தில் ஒருவர்தான். எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் புரிகிற தமிழில் அந்தப் பத்திரிகை வந்தது. படிக்கத் தெரியாதவருக்குப் பக்கத்தில் இருந்தவர் படித்துச் சொன்னார். டீக்கடையில் ஒரே பத்திரிகை நாலைந்து தாளாகப் பிரியும். சினிமாப் பக்கம் ஒருவரிடம், விளையாட்டுப் பக்கம் இன்னொருவரிடம். “அண்ணே, அந்த நடுத்தாளைக் கொஞ்சம் தள்ளுங்க” என்று கேட்டபடி ஒருவர் காத்திருப்பார். காத்திருக்கும் நேரத்தில் கையிலிருக்கும் தாளை வரி விளம்பரம் உட்பட முழுக்கப் படித்துவிடுவார். முடிவெட்டக் காத்திருப்பவர்களுக்குக் ‘கன்னித்தீவு’ படக்கதை. பத்திரிகை படிக்கத் திராவிட இயக்கமும் பொதுவுடைமை இயக்கமும் ஊர் ஊராகப் படிப்பகம் வைத்தன. 1950 முதல் 1954 வரை ‘கல்கி’யில் ‘பொன்னியின் செல்வன்’ வந்தபோது வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த வீடுகள் ஏராளம்.

அந்த ‘கல்கி’ 2020இல் அச்சை நிறுத்தி இணையத்துக்குப் போனது. பேப்பரைத் தொட்டால் கொரோனா ஒட்டும் என்ற பயத்தில் அந்த ஆண்டு பத்திரிகையை நிறுத்திய வீடுகள் பல, பிறகு அதைத் திரும்ப வாங்கவில்லை. அதற்கு முன்பே, 2016இல் ஜியோ வந்ததும் டேட்டா விலை சரிந்து, டீக்கடை பெஞ்சில் ஆளுக்கொரு திரை முளைத்துவிட்டது. இதற்காக இளைஞர்களைத் திட்டுவது அபத்தம். சத்தத்தைக் குறைக்காமல் ரீல்ஸ் பார்ப்பதில் பேரனுக்குத் தாத்தா சளைத்தவர் இல்லை.

படிக்கும் பழக்கம் குறைந்ததால்தான் பத்திரிகை தேய்ந்தது என்பதும் பாதிக் கதைதான். ஜப்பானில் 2000ஆம் ஆண்டு நாளொன்றுக்கு ஐந்து கோடிக்கு மேல் விற்ற செய்தித்தாள்கள், 2023இல் மூன்று கோடிக்கும் கீழே வந்துவிட்டன. அந்த மக்கள் படிக்க மறந்தவர்கள் அல்லர். ஆஸ்திரியாவில் 1703இல் பிறந்த ‘வீனர் சைட்டுங்’ 2023 ஜூன் 30ஆம் தேதியோடு தினசரி அச்சை நிறுத்தியது. நிறுவனங்கள் தங்கள் அறிவிப்புகளை அதில் காசு கட்டி வெளியிட வேண்டும் என்றிருந்த சட்டத்தை அரசு நீக்கியது, வருமானம் போனது, முந்நூறு ஆண்டுப் பத்திரிகையின் தினசரி அச்சு முடிந்தது.

இங்கேயும் கதை அதுதான். வாசகர் கொடுக்கும் காசு தாளுக்கும் மைக்குமே போதாது. மீதியை விளம்பரம்தான் சுமந்தது. மணமகன் தேவை பாரத் மேட்ரிமோனிக்குப் போனது, வேலை காலி நௌக்ரிக்குப் போனது, பழைய ஸ்கூட்டர் ஓஎல்எக்ஸுக்குப் போனது. கண்ணீர் அஞ்சலி மட்டும் இன்னும் பத்திரிகையை விட்டுப் போகவில்லை.

வருமானம் குறைந்தால் நிர்வாகம் முதலில் கை வைப்பது தாலுகா நிருபர் மீது. நகராட்சிக் கூட்டத்தில் கடைசி வரை உட்கார்ந்து எந்தத் தெருவுக்கு எத்தனை லட்சம் ஒதுக்கினார்கள் என்று குறித்துக்கொள்பவர் அவர்தான். மாவட்ட நீதிமன்றத்தில் வாய்தா வாய்தாவாகப் போய் நிற்பவரும் அவர்தான். ரீல்ஸ் போடும் எவரும் அந்த நாற்காலியில் நான்கு மணி நேரம் உட்காரப் போவதில்லை. அதில் லைக் விழாது. அமெரிக்காவில் 2005க்குப் பிறகு மூன்றில் ஒரு பங்குப் பத்திரிகைகள் மூடப்பட்டன. ஊர்ச் செய்தி எழுத ஒரு நிருபர்கூட இல்லாத மாவட்டங்கள் அங்கே இன்று நிறைய.

தாளில் வருவதா திரையில் வருவதா என்பது பெரிய விஷயமே இல்லை. மரத்துக்கும் நல்லது என்றால் தாள் போகட்டும். அந்த நிருபர் இருக்க வேண்டும், அவருக்குச் சம்பளம் போக வேண்டும்.

பட்டதாரிகளே, இனி மாதச் சம்பளம் வாங்கப் போகிறவர்கள் நீங்கள். படம் பார்க்கும் தளங்களுக்குச் சந்தா கட்டத் தயங்காத கைகள் உங்களுடையவை. முதல் சம்பளத்தில் உங்கள் ஊர்ச் செய்தியை ஒழுங்காக எழுதுகிற ஒரு பத்திரிகைக்கும் ஓராண்டுச் சந்தா கட்டுங்கள்.