வேலி தாண்டிய குரல்

நேயர்களே, இசைக்கும் சாதி உண்டோ? அமெரிக்க நாட்டில் ஒரு காலத்தே இருந்தது. ‘கன்ட்ரி’ எனும் கிராமியப் பாட்டு வெள்ளையர்க்கு உரியது. ‘புளூஸ்’ கறுப்பர்க்கு உரியது. இசைத்தட்டு வணிகர் இட்ட வேலி அது.

அவ்வேலியைத் தாண்டியவர் ரே சார்லஸ். 1930இல் பிறந்த இக்கறுப்பினப் பாடகர் ஏழு வயதளவில் பார்வையை இழந்தார். பார்வையற்றோர் பள்ளியிலும் நிறம் பார்த்தே பிள்ளைகளைப் பிரித்தனர். வானொலி அவ்வாறு பிரிக்கவில்லை. நாஷ்வில் நகரத்துக் ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ நிகழ்ச்சி அச்சிறுவன் செவியிலும் பாய்ந்தது.

1962இல் அவர் பன்னிரண்டு பாடல்கள் கொண்ட கன்ட்ரி இசைத்தட்டு ஒன்றை வெளியிட எண்ணினார். ரசிகர்களை இழக்க நேருமே என்று நிறுவனத்தார் அஞ்சினர். அவர் பின்வாங்கவில்லை. பாட்டு கிராமத்தது, பக்கவாத்தியமோ வயலின் கூட்டமும் பித்தளைக் குழல்களும். டான் கிப்சன் இயற்றிய ‘ஐ கான்ட் ஸ்டாப் லவிங் யூ’ என்னும் பாடலில் குழுவினர் அடியைச் சீராகப் பாடுவர்; அவரோ சற்றுப் பின்தங்கி, விம்மலோடு அதே சொற்களைத் தொடுவார். அந்தச் சிறு தாமதத்தில் ஒரு வாழ்நாள் துயரை நான் கேட்கிறேன்.

இசைத்தட்டு பதினான்கு வாரம் முதலிடத்தில் நின்றது. அவர் 2004இல் மறைந்தார். கன்ட்ரி இசையின் புகழ் மண்டபம் 2021இல்தான் அவரைத் தேர்ந்தெடுத்தது. வேலி இட்டவர்க்கு அதை அகற்ற அத்தனை காலம் பிடித்தது!

அன்பர்களே, அவ்விசைத்தட்டு கிடைப்பின் கண்களை மூடிக் கேளுங்கள். பாடுபவர் நிறம் தெரியாது, பாட்டு தெரியும்.